சுங்கை சிப்புட்டுக்கு மீட்டர் வருகிறது: கோரல் தொட்டிக்கு வெளிச்சம் எவ்வளவு வைப்பது?

சிப்புட் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட், லிந்தாங் போகும் சாலைப் பக்கம். கோரல் (பவளம்) வளர்க்கும் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி, நீளம் 90, அகலம் 45, உயரம் 45 சென்டிமீட்டர். கீழே சம்ப் (வடிகட்டும் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுப்பது), வேவ்மேக்கர் (அலையடிக்கும் பம்பு) இரண்டு. முன்பு ஆறு குழல் டி5 விளக்கு ஓடியது. குழல் மாற்றும் செலவு கட்டுப்படியாகாமல் 165 வாட் கறுப்புப் பெட்டி எல்இடி ஒன்று வாங்கி மாட்டினேன். நீலத்துக்கு ஒரு டயல், வெள்ளைக்கு ஒரு டயல், அவ்வளவுதான்.

பாறை உச்சியில் இருக்கும் டார்ச் கோரல் வாரத்துக்கு வாரம் வெளிறிக்கொண்டு போகிறது. பகலில் பாதிதான் விரிகிறது. ஆனால் இடது மூலையில் மணலில் வைத்த சோவா (சின்னப் பொத்தான் கோரல்) கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடு மணலில் இருக்கும் மஷ்ரூம் கோரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே விளக்கு ஒன்றுக்கு அதிகம், இன்னொன்றுக்குப் போதவில்லை. எந்த டயலை எந்தப் பக்கம் திருப்புவது?

இப்போது நீலம் 80, வெள்ளை 30. தண்ணீருக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரம். இதே விளக்கை வைத்திருக்கும் ஒருவர் வீடியோவில் சொன்ன அளவு அது. நாம் கூட்டுப் போட்டு வாங்கிய பிஏஆர் மீட்டர் (கோரலுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) இந்த வாரம் என் கைக்கு வருகிறது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது முதலிலிருந்து சொல்லுங்கள்.

---

பழைய உப்பு (ஈப்போ)

தம்பி, மீட்டர் வரும்வரை எந்த டயலையும் தொடாதே.

80, 30 என்பதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. அது அந்தப் பெட்டியின் உள்ளே இருக்கும் டிரைவருக்கு மட்டும் புரிகிற எண். ஒரே மாடலில் இரண்டு விளக்கு வாங்கினாலும் லென்ஸ் 60 டிகிரியா 90 டிகிரியா, எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, கண்ணாடி மூடி இருக்கிறதா என்பதைப் பொறுத்து கீழே விழுகிற வெளிச்சம் இரண்டு மடங்கு மாறும். அந்த வீடியோக்காரரின் தொட்டி இரண்டடி ஆழமாக இருக்கலாம். அவருக்கு 80 சரி, உனக்கு அதுவே அடுப்பு.

மூன்று விஷயம் சொல். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளக்கு எரிகிறது? நைட்ரேட், பாஸ்பேட் (தண்ணீரில் கரைந்த சத்து) எவ்வளவு? தண்ணீர் சூடு எவ்வளவு?

---

சிப்புட் தம்பி

மதியம் 12க்கு எரிந்து இரவு 12க்கு அணையும். வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன், பார்க்க வேண்டாமா அண்ணே! நைட்ரேட் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு). பாஸ்பேட் டெஸ்ட்டில் நிறமே வருவதில்லை, பூச்சியம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். சில்லர் (தண்ணீர்க் குளிரூட்டி) இல்லை, இரண்டு காற்றாடி. காலையில் 27, மாலையில் 29 டிகிரி.

---

லயத்து அக்கா

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். நானும் சிப்புட்தான். வருடக்கணக்காக சாஃப்ட் கோரல் வளர்க்கிறேன், மீட்டரைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. கோரலே மீட்டர். காலையில் கொஞ்சம் நின்று பார்த்தால் எதற்கு வெளிச்சம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அதுவே சொல்லும்.

தம்பி டார்ச் வெளிறுவதற்கு விளக்கைக் குற்றம் சொல்லும் முன் அந்த பாஸ்பேட்டைப் பாருங்கள். பூச்சியம் என்றால் கோரல் பட்டினி. பட்டினி கிடப்பதும் வெளிறத்தான் செய்யும். மீனுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தீனி போடுங்கள், ஸ்கிம்மரைக் குறையுங்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போகிற கருவி இதற்குத் தேவையே இல்லை.

---

பழைய உப்பு (ஈப்போ)

அக்கா சொல்வதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பாஸ்பேட் பட்டினி கிடக்கும் கோரல் வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்காது. சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013இல் இதை எழுதியிருக்கிறார்கள்: நைட்ரேட் ஏறி பாஸ்பேட் பற்றாமல் போனால் கோரல் வெளிறுவது எளிதாகிறது. தம்பிக்கு நைட்ரேட் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, ஆனாலும் பூச்சியம் நல்லதில்லை. 0.03க்கும் 0.1க்கும் நடுவில் ஏதாவது ஒன்று காட்டட்டும்.

மற்றப் பாதியில் எனக்குச் சம்மதமில்லை. கோரல் சொல்லும், உண்மைதான். ஆனால் தாமதமாகச் சொல்லும். உள்ளே இருக்கும் பாசி தன்னை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது காரியம் நடந்து முடிந்திருக்கும். அதோடு வெளிறிய கோரல் பட்டினியால் வெளிறியதா, வெளிச்சத்தால் வெளிறியதா என்று தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மீட்டர் அந்த இரண்டில் ஒன்றையாவது கணக்கிலிருந்து தள்ளிவிடும்.

---

கூலிம் ஷிஃப்ட்காரன்

மீட்டர் எதை அளக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

கோரலின் திசுவுக்குள் இருக்கும் பாசிதான் ஒளியைச் சாப்பாடாக்குகிறது. அதற்குப் பயன்படுகிற ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அந்த எல்லைக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் நாம் சொல்லும் பிஏஆர் எண். அலகு மைக்ரோமோல். நம் ஊரில் மேகமில்லாத உச்சி வெயில் கிட்டத்தட்ட 2000 காட்டும்.

லக்ஸ் வேறு. அது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் உயிர். ஆழ்ந்த நீலத்தை அது கண்டுகொள்வதே இல்லை. 555இல் ஒரு மைக்ரோமோல் ஒளி விழுந்தால் லக்ஸ் மீட்டர் 147 காட்டும். அதே ஒரு மைக்ரோமோல் 450 நானோமீட்டர் ராயல் ப்ளூவாக விழுந்தால் சுமார் 7தான் காட்டும். கோரலுக்கு இரண்டும் ஒரு மைக்ரோமோல்தான். சொல்லப்போனால் நீலம் அதற்கு இன்னும் பிடிக்கும், அதன் பாசியில் இருக்கும் குளோரோஃபில்லும் பெரிடினினும் நீலப் பக்கத்தில்தான் நன்றாக உறிஞ்சும்.

இதனால்தான் நீல எல்இடி தொட்டி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், உள்ளே கோரல் வெந்துகொண்டிருக்கும். டி5 குழலிலிருந்து எல்இடிக்கு மாறுகிறவர்கள் "முன்பு போலப் பளிச்சென்று இல்லையே" என்று டயலைத் திருப்புவது இங்கேதான்.

---

நீலவிளக்கு2

அப்படியென்றால் போனில் ஒரு லக்ஸ் ஆப் போட்டு 54ஆல் வகுத்தால் பிஏஆர் வரும் என்று படித்தேனே, அது பொய்யா?

---

கூலிம் ஷிஃப்ட்காரன்

பொய்யில்லை, வெயிலுக்கு அது சரி. சூரிய ஒளிக்கு 54. நம் விளக்குக்கு அந்த எண் ஒத்து வராது, ஏனென்றால் நீலமும் வெள்ளையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

தம்பி கையில் மீட்டர் வந்ததும் ஒரு வேலை செய்யட்டும். விளக்குக்கு நேர் கீழே, தண்ணீருக்கு மேல், ஒரே இடத்தில் லக்ஸ் மீட்டரையும் பிஏஆர் மீட்டரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். அந்த விளக்குக்கு, அந்த டயல் நிலைக்கு, இத்தனை லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல் என்று ஒரு எண் கிடைக்கும். மீட்டரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முப்பது நாற்பது வெள்ளி லக்ஸ் மீட்டரை வைத்துக் காலம் தள்ளலாம். நீல-வெள்ளை விகிதத்தை மாற்றினால் மட்டும் அந்த எண் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. நம் மீட்டர் அப்போஜி எம்க்யூ-510. தண்ணீருக்குள் அளப்பதற்காக 1.32ஆல் பெருக்கித்தான் எண்ணைக் காட்டும். தண்ணீருக்குள் போனால் சென்சாரின் வெள்ளை மூடி வழியாக ஒளியில் ஒரு பங்கு வெளியே சிதறிவிடும், அதை ஈடுகட்டத்தான் இந்தப் பெருக்கல். காற்றில் அளக்கும்போது வருகிற எண்ணை 1.32ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும்.

இன்னொன்று, பழைய ரக சென்சார் உள்ள மீட்டரை யாராவது மலிவாக விற்றால் யோசித்து வாங்குங்கள். அவை வெயிலுக்கும் குழல் விளக்குக்கும் செய்தவை. 410க்குக் கீழே இருக்கும் ஊதாவை அவை சரியாக எண்ணாது. 510இன் சென்சார் 389இலிருந்து 692 வரை பிடிக்கும்.

போனைத் தண்ணீருக்குள் விட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

---

பழைய உப்பு (ஈப்போ)

சரி, அளக்கும் முறை. இதை அவசரமாகச் செய்தால் கிடைக்கிற எண் குப்பை.

முதல் நாளே விளக்கின் அடிப்பக்கத்தையும் லென்ஸையும் ஈரத்துணியால் துடைத்துவிடு. உப்பு படிந்து வெள்ளையாக இருக்கும், அதுவே கணிசமாக வெளிச்சத்தைத் தின்றுவிடும். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் கார்பன் (தண்ணீரைத் தெளிய வைக்கும் கரி) போட்டு ஒரு வாரம் கழித்து அள. மஞ்சள் தண்ணீர் தின்பது நீலத்தைத்தான். முக்கியமாக, அளந்த பிறகு திடீரென்று கார்பன் போடக்கூடாது. நேற்று வரை திரை போட்டிருந்த ஜன்னலைத் திறந்த கதையாகிவிடும்.

விளக்கு முழு அளவுக்கு வந்து அரை மணி நேரம் எரியட்டும். எல்இடி சூடேறினால் கொஞ்சம் குறையும், அந்தக் குறைந்த எண்தான் நாளெல்லாம் இருக்கப்போவது. கூடத்து விளக்கை அணை, ஜன்னல் திரையை இழுத்து விடு.

சென்சாரைக் கம்பில் கட்டி இறக்கு. அது மேலே பார்த்து மட்டமாக இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து "ஆஹா 500" என்று மகிழக்கூடாது. உன் தலையும் கையும் நிழல் விழாத பக்கம் நில்.

வேவ்மேக்கரை நிறுத்தாதே. மேலே அலை அடிப்பதால் எண் குதிக்கும், 180, 240, 200 என்று. அந்தக் குதிப்புக்கு நடுவில் உள்ளதை எழுது. தண்ணீரை நிறுத்தி அளந்தால் அழகான எண் வரும், ஆனால் கோரல் வாழ்வது அலைக்குக் கீழே.

ஒரு தாளில் தொட்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்துகொள். இடது, நடு, வலது; முன், பின். மணல் மட்டம், பாறை நடு, பாறை உச்சி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண். அப்புறம் ஒவ்வொரு கோரலின் பக்கத்திலும் தனியாக ஒன்று, ஏனென்றால் பாறையின் நிழல் எங்கே விழுகிறது என்று கட்டத்தில் தெரியாது. தாளின் தலையில் டயல் நிலை, விளக்கு உயரம், தேதி. இந்தத் தலைப்பு இல்லாத தாள் அடுத்த மாதம் அடுப்பு பற்றவைக்கத்தான் உதவும்.

---

சிப்புட் தம்பி

அளந்தாச்சு. டயல் 80/30, உயரம் 25.

பாறை உச்சி, டார்ச் இருக்கும் இடம்: 430
பாறை நடு, வலது பக்கம்: 240
நடு மணல், மஷ்ரூம்: 190
முன் வலது மணல்: 85
இடது மூலை மணல், சோவா: 58

நடுவிலிருந்து ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தால் பாதியாகிவிடுகிறது. டி5 இருந்தபோது எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

கூலிம் அண்ணன் சொன்ன லக்ஸ் வேலையும் செய்தேன். காற்றில் ஒரே இடத்தில் லக்ஸ் 9000. மீட்டர் 570 காட்டியது, 1.32ஆல் வகுத்தால் 432. ஆக என் விளக்குக்கு ஏறக்குறைய 21 லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல். 54ஆல் வகுத்திருந்தால் 167 என்று வந்திருக்கும், நான் பாட்டுக்கு இன்னும் ஏற்றியிருப்பேன்! வெள்ளை டயலை மட்டும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன்: லக்ஸ் 12,500க்குத் தாவியது, பிஏஆர் 480தான். கண்ணுக்கு அறையே பளிச்சென்று ஆனது, கோரலுக்கு ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

இன்னொரு வேடிக்கை. மாலை ஐந்து மணிக்குத் திரையைத் திறந்து வைத்து அளந்தேன். மேற்கு ஜன்னல் வெயில் சாய்ந்து விழும் இடத்தில், மூலை 58 என்பது 200ஐத் தாண்டியது. ஆனால் அது அரை மணி நேரம்தான்.

---

பழைய உப்பு (ஈப்போ)

ஜன்னலை மூடியே வை. வெளிச்சத்தைவிட அந்த அரை மணி நேரச் சூடுதான் உன் 29 டிகிரிக்குக் காரணமாக இருக்கும். வெளிச்சமும் சூடும் சேர்ந்து அடிக்கும்போதுதான் கோரல் தன் பாசியை வெளியே தள்ளுகிறது.

எண்களைப் பற்றி. பொதுவாக வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு இது: மஷ்ரூம், தோல் கோரல் போன்றவை 50 முதல் 100. டார்ச், ஹாமர் மாதிரி எல்பிஎஸ் (பெரிய வாய் உள்ள கல் கோரல்) 80 முதல் 150, பழகியது 200 வரை போகும். சின்ன வாய் உள்ள கல் கோரலில் மொண்டிப்போரா 200 முதல் 300. அக்ரோப்போரா 250க்கு மேல். சோவா எங்கே போட்டாலும் பிழைக்கும், 100 பக்கம் அடக்கமாக வளரும். இதெல்லாம் சட்டம் இல்லை. உன் மஷ்ரூம் 190இல் நன்றாக இருக்கிறதே, அதை யாரும் போய் "நீ தப்பு" என்று சொல்ல முடியுமா? பழகிவிட்டது, விடு.

டார்ச் 430இல் இருக்கிறது. அது அந்த இடத்துக்கு உரியது இல்லை. டயலைத் தொடும் முன் டார்ச்சை வலது பக்கத்துக்குக் கீழே இறக்கு. இடத்தை மாற்றுவதற்குக் காசும் செலவில்லை, மற்றவையும் பாதிக்காது.

---

கூலிம் ஷிஃப்ட்காரன்

இடத்தை மாற்றுவது சரி, ஆனால் விளக்கையும் உயர்த்த வேண்டும். நடுவில் 430, மூலையில் 58 என்றால் ஏழு மடங்கு வித்தியாசம். டயலைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் அப்படியே இருக்கும். உயர்த்தினால் நடு இறங்கும், ஓரம் கொஞ்சம் ஏறும். 40 சென்டிமீட்டருக்குத் தூக்கிப் பார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம்! பிஏஆர் என்பது ஒரு விநாடிக் கணக்கு. கோரல் சாப்பிடுவது நாள் கணக்கு. 430ஐ 43,200 விநாடியால் பெருக்கினால் நாளுக்கு 18.6 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). இதே டார்ச்சை 150இல் எட்டு மணி நேரம் வைத்தால் 4.3 மோல்.

நம் நாட்டு வெயில் ஒரு நாளைக்குக் கடல் மேற்பரப்பில் கொட்டுவது சராசரியாக 35, 36 மோல் இருக்கும். மலாக்கா நீரிணைத் தண்ணீர் கலங்கல். ஒரு மீட்டருக்கு 0.3 என்ற விகிதத்தில் மங்குவதாக வைத்தால் ஆறு மீட்டர் ஆழத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது நாளுக்கு 6 மோல். அந்த மாதிரி தண்ணீரில் கோரல் வாழத்தான் செய்கிறது, கெடாவில் புலாவ் பாயாரில் போய்ப் பாருங்கள். தம்பியின் டார்ச் அதைவிட மூன்று மடங்கு வாங்கிக்கொண்டிருக்கிறது.

---

நீலவிளக்கு2

அப்படி நம் தண்ணீருக்குப் பழகிய கோரல் என்றால் பங்கோர் தீவிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வந்தால் நல்லதுதானே? லூமுட் பக்கம்தானே இருக்கிறது.

---

பழைய உப்பு (ஈப்போ)

வேண்டாம். இந்தப் பேச்சு இங்கே வேண்டவே வேண்டாம். மரைன் பார்க்கில் (பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காவில்) கோரலைத் தொட்டு எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் கோரல் எல்லாமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வேறு இருக்கிறது. பார்க் எல்லைக்கு வெளியே என்று சாக்குச் சொல்ல வேண்டாம். 2010இல் கடல் சூட்டில் கோரல் வெளிறி, தியோமான், ரெடாங் தீவுகள் பக்கத்தில் முக்குளிக்கும் இடங்களையே மூடி வைத்தார்கள். மீண்டு வர வருடங்கள் ஆகும். வளர்ப்பவர்களிடம் ஃப்ராக் (வெட்டி வளர்த்த கோரல் துண்டு) வாங்கு, இந்தக் குழுவிலேயே பத்து வெள்ளிக்குச் சோவா கிடைக்கும்.

---

லயத்து அக்கா

நன்றாகச் சொன்னீர்கள் அண்ணே. ஃப்ராக் வேண்டுமானால் என்னிடம் பச்சை சோவா இருக்கிறது, காசு வேண்டாம், டப்பா மட்டும் கொண்டு வரட்டும்.

அந்த 18 மோல் கணக்கைப் பார்த்த பிறகு நான் பாஸ்பேட்டைப் பற்றி மட்டும் பேசியது போதாது என்று படுகிறது. ஆனால் பாஸ்பேட்டை விடவும் மாட்டேன். இரண்டும் பாருங்கள்.

---

சிப்புட் தம்பி

மணி நேரத்தைக் குறைத்தால் நான் வீட்டுக்கு வரும்போது தொட்டி இருட்டாக இருக்கும். அதுதான் மனதுக்குக் கஷ்டம்.

---

கூலிம் ஷிஃப்ட்காரன்

யார் இருட்டாக வைக்கச் சொன்னது? முழு வெளிச்சத்தைப் பகல் 2லிருந்து இரவு 9 வரை வை. அதன் பிறகு வெள்ளையை அணைத்து, நீலத்தை ஐந்து சதவீதத்துக்கு இறக்கி 11 வரை விடு. மீட்டரில் பத்து கூட வராது. ஆனால் கோரல் மின்னுவதைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். உன் விளக்கில் அந்த வசதி இல்லாவிட்டால் முப்பது வெள்ளிக்கு ஒரு சின்ன நீலப் பட்டை விளக்கு போதும்.

ஊசி வைத்துச் சுற்றும் டைமர் என்றால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பின்தங்கும். பேராக்கில் சாயங்கால இடிமழைக்குக் கேட்கவே வேண்டாம். பேட்டரி வைத்த டைமர் வாங்கு.

---

செம்பனை நாற்று

நான் தோட்டத்தில் நர்சரி வேலை, வீட்டில் இரண்டடித் தொட்டி. எல்லாரும் இறக்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஏற்றுவதைப் பற்றி என்னிடம் ஒன்று இருக்கிறது.

செம்பனை நாற்றை முதல் மூன்று மாதம் சின்னப் பையில், நிழல் வலைக்கு அடியில்தான் வைப்போம். பெரிய பைக்கு மாற்றி வெயிலில் வைக்கும் முன் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். ஒரேயடியாக எடுத்தால் இலை கருகும். நான் கோரலுக்கும் அதே வலையைத்தான் பயன்படுத்துகிறேன். விளக்கின் டயலைத் தொட்டால் தொட்டி முழுக்க மாறும். புதிதாக வந்த ஒரு கோரலுக்கு மேல் மட்டும் ஒரு சாண் வலையைக் கட்டினால் மற்றவைக்குத் தொல்லை இல்லை. முதலில் இரண்டு மடிப்பு, பத்து நாள் கழித்து ஒரு மடிப்பு, அப்புறம் வலையே இல்லை.

50 சதவீதம் என்று விற்கிற வலை உண்மையில் எவ்வளவு விடுகிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. தம்பி, மீட்டர் கையில் இருக்கும்போது ஒரு துண்டு வாங்கி அளந்து சொல்லுங்களேன்.

---

பழைய உப்பு (ஈப்போ)

நல்ல யோசனை, ஆனால் எல்லாரும் கவனியுங்கள்: நர்சரியில் கட்டியிருந்த பழைய வலையைக் கொண்டு வராதீர்கள். அதில் பூச்சி மருந்தும் பூசண மருந்தும் அடித்திருப்பார்கள். பூசண மருந்து சிலவற்றில் செம்பு இருக்கும். செம்பு இறால், நத்தை, கோரல் மூன்றையும் கொல்லும். ஒரு மழைநாள் ஈரம் சொட்டினாலும் போதும். ஹார்ட்வேர் கடையில் புது வலையை மீட்டர் கணக்கில் விற்கிறார்கள், கழுவி அதைப் போடுங்கள்.

---

செம்பனை நாற்று

ஆமாம், இதை நானே சொல்லியிருக்க வேண்டும். நான் வைத்திருப்பது புது வலைதான்.

---

சிப்புட் தம்பி

விளக்கை 40க்குத் தூக்கிய பிறகு, அதே 80/30 டயலில் மறுபடி அளந்தேன்.

பாறை உச்சி: 290
பாறை நடு, வலது: 185
நடு மணல்: 150
முன் வலது மணல்: 98
இடது மூலை: 76

ஏழு மடங்கு வித்தியாசம் நான்கு மடங்குக்குள் வந்துவிட்டது. டார்ச் இப்போது வலது பாறையின் அடிப்பக்கம், 140இல். சோவாவை மூலையிலிருந்து எடுத்து 110 காட்டும் இடத்தில் வைத்தேன். நேரம் கூலிம் அண்ணன் சொன்ன மாதிரி 2லிருந்து 9. தீனி கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

50 சதவீத வலை: உச்சியில் 290, வலைக்கு அடியில் 130. அதாவது 45 சதவீதம்தான் விடுகிறது. இரண்டு மடிப்புக்குக் கீழே 60. உச்சியில் அடுத்து ஒரு மொண்டிப்போரா வைக்கலாம் என்று இருக்கிறேன், இந்த வலையோடு.

---

கூலிம் ஷிஃப்ட்காரன்

டார்ச்சுக்கு இப்போது நாளுக்கு மூன்றரை மோல். 18இலிருந்து மூன்றரைக்கு ஒரே நாளில் வந்தது பெரிய இறக்கம்தான். இறக்குவதை உடனே செய்யலாம், ஏற்றுவதுதான் மெதுவாக என்பார்கள், அதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் சில வாரத்தில் அது கொஞ்சம் பழுப்பாக மாறும். குறைந்த வெளிச்சத்துக்கு அது பாசியைக் கூட்டிக்கொள்கிறது, பயந்து மறுபடி டயலைத் திருப்பாதே.

---

லயத்து அக்கா

தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சோவாவையும் கொடுத்தாச்சு. டார்ச் வாய் இறுக்கமாக மூடியிருக்கிறது, சதை கழன்று விழவில்லை. பிழைத்துவிடும். விளக்கு பழைய மாதிரி கண்ணைக் கூசவில்லை என்று அவர் அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம்.

---

சிப்புட் தம்பி

மாதக் கணக்கு ஆகிவிட்டது, நிலவரம் சொல்ல வந்தேன். பாஸ்பேட் 0.05 காட்டுகிறது. டார்ச் நுனிவரை விரிகிறது; அண்ணன் சொன்ன மாதிரி தண்டு பழுப்பாகிவிட்டது, நுனி மட்டும் பச்சை. சோவா கழுத்தை இழுத்துக்கொண்டது. நடு மணல் மஷ்ரூம்தான் 190இலிருந்து 150க்கு வந்தது பிடிக்காமல் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தது, இப்போது பழையபடி அகலமாகிவிட்டது. மொண்டிப்போரா இரண்டு மடிப்பு வலையிலிருந்து ஒரு மடிப்புக்கு வந்திருக்கிறது, ஓரத்தில் வெள்ளை வளர்ச்சிக் கோடு தெரிகிறது.

மாலைச் சூடு மட்டும் இன்னும் 28.5க்குக் கீழே இறங்கவில்லை. ஜன்னலை மூடியும் அப்படித்தான். தகரக் கூரை வீடு.

---

பழைய உப்பு (ஈப்போ)

தகரக் கூரைக்கு மூன்றாவது காற்றாடி, இல்லாவிட்டால் சில்லர். வேறு வழி கிடையாது. காற்றாடி கூட்டினால் தண்ணீர் ஆவியாவது கூடும், டாப்-அப்பை (ஆவியானதற்கு ஈடாக நன்னீர் ஊற்றுவதை) அதற்கேற்ப மாற்று, உப்பு ஏறிவிடும்.

மொண்டிப்போராவின் கடைசி வலையை எடுத்த பிறகு உச்சியை ஒரு தடவை அளந்துவிட்டு மீட்டரைத் தா. லென்ஸைத் துடைத்துவிட்டு அள, இத்தனை நாளில் மறுபடி உப்பு படிந்திருக்கும்.

---

செம்பனை நாற்று

மீட்டர் அடுத்து எனக்குத்தானே? 70 சதவீத வலை ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் அளந்து எழுதுகிறேன்.

---

நீலவிளக்கு2

செம்பனை அண்ணனுக்குப் பிறகு எனக்கு. நான் தெலுக் இந்தான், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி: எனக்கு இருப்பது ஒன்றரை அடி நானோ தொட்டி, பாறை உச்சியே தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான். அப்படியென்றால் விளக்கை எவ்வளவு உயரத்தில் வைத்து ஆரம்பிப்பது?

---

பழைய உப்பு (ஈப்போ)

இருக்கிற இடத்தில் வைத்தே முதலில் அள. எண் வந்ததும் புது இழை திறந்து தொட்டி அளவு, விளக்கு மாடல், லென்ஸ் எல்லாம் போடு, அங்கே பேசுவோம்.